ஒரு கிலோ அரிசியும் ஒரு வரவேற்புப் பாட்டும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தமிழ்நாட்டு நகரப் பள்ளிகள் பலவற்றிலிருந்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு சுற்றறிக்கை வரும். பண்டிகையை முன்னிட்டு ஏழாம் வகுப்பு மாணவர்கள் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குச் செல்கிறார்கள், ஆளுக்கு ஒரு கிலோ அரிசி, ஒரு பிஸ்கட் பாக்கெட், கிழியாத பழைய துணி கொடுத்தனுப்பவும், சீருடை கட்டாயம். கிறிஸ்துமஸ் வந்தால் முதியோர் இல்லம், பொங்கல் வந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளி. 2009இல் 'ஜாய் ஆஃப் கிவிங் வீக்' என்று தொடங்கி, பிறகு 'தான் உத்சவ்' என்று பெயர் மாறிய அக்டோபர் 2 முதல் 8 வரையிலான கொடை வாரமும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. பணக்காரப் பள்ளி, நடுத்தரப் பள்ளி, மிஷன் பள்ளி என்ற வித்தியாசமில்லாமல் இது ஆண்டுச் சடங்காக நிலைத்துவிட்டது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக வருவது இரண்டே பதில்கள். "பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் வரட்டுமே" என்பது ஒன்று. "எல்லாம் ஃபேஸ்புக்கில் போடத்தான்" என்பது மற்றொன்று. முன்னது பார்க்காமலே ஏற்கிறது. பின்னது பார்க்காமலே தள்ளுகிறது. இரண்டிலும் இல்லத்துக் குழந்தையோ முதியவரோ பேச்சில் வருவதே இல்லை.

பள்ளியின் நோக்கத்தை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. அழைத்துப் போகும் ஆசிரியைக்குப் பெரும்பாலும் நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசை வைத்துச் செயலின் பலனை அளக்க முடியாது. அளக்க வேண்டியவை மூன்று: போன இடத்துக்கு என்ன கிடைத்தது, அந்த நாளில் யார் யாருக்காக உழைத்தார்கள், மாணவர்கள் எதைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

அரிசி

ஆளுக்கு ஒரு கிலோ என்ற ஏற்பாட்டைச் சமையலறை வாசலில் நின்று பார்க்க வேண்டும். நாற்பது வீடுகளிலிருந்து நாற்பது வகை அரிசி வரும். ஒரு வீட்டில் பொன்னி புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, ஒருவர் இட்லி அரிசி, ஒருவர் ரேஷன் அரிசி, பெருமையாக ஒருவர் பாஸ்மதி. வகுப்பறையில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டி, மேலே பள்ளியின் பெயரை எழுதுவார்கள். இதை உலையில் போட்டால் பச்சரிசி குழைந்துபோன பிறகும் புழுங்கலரிசி விதையாகவே கிடக்கும். பிரித்தெடுக்கவும் வழியில்லை. சமையல்காரம்மா கஞ்சி வைக்கலாம், மாவாக அரைக்கலாம். சோறாக வடிக்க முடியாது. நாற்பது கிலோ அரிசி வந்தும் அன்று மதியம் இல்லம் தன் கையிருப்பிலிருந்துதான் சோறாக்க வேண்டும்.

இது கவனக்குறைவால் நேர்ந்த சின்னப் பிழை என்று விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஏற்பாடு சமையலறையை நினைத்துச் செய்ததே இல்லை. "ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் கொடுத்ததாக இருக்க வேண்டும்" என்பதுதான் இதன் அடிப்படை. அதே பணத்தை ஒன்றாகச் சேர்த்து, இல்லத்தில் கேட்டு, அவர்கள் வழக்கமாக ஆக்கும் அரிசியில் இரண்டு சிப்பம் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அப்போது நாற்பது கைகளுக்கு வேலை இருக்காது. பெறுகிறவரின் வசதியும் கொடுக்கிறவரின் அனுபவமும் எங்கே மோதினாலும் இந்தச் சடங்கில் அனுபவம்தான் ஜெயிக்கிறது.

கொடுப்பவர் கைபட வேண்டும் என்பதில் நியாயமே இல்லையா என்றால், உண்டு. நம் வீடுகளில் இருந்த பிடியரிசி வழக்கம் அதற்குச் சான்று. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்துக் கோயிலுக்கோ தருமத்துக்கோ கொடுத்தார்கள். தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதுவே சபைக்கான கைப்பிடி அரிசி ஆனது. அங்கும் கை பட்டது. ஆனால் தன் சாப்பாட்டு அளவிலிருந்து தினம் ஒரு பிடி குறைந்தது. வருடத்துக்கு ஒருமுறை அம்மா கடையில் வாங்கிக் கையில் திணித்தனுப்பும் ஒரு கிலோவில் பிள்ளையின் பங்கு என்ன? பையைச் சுமந்ததுதான்.

அடுத்தது, நாள். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பெயர்பெற்ற இல்லங்களுக்கு ஒரே மதியத்துக்கு இரண்டு மூன்று பேர் சாப்பாடு தர முன்வருவார்கள். ஸ்வீட் பெட்டிகள் குவியும். முதியோர் இல்லமாக இருந்தால் சாப்பிடுகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை. அதே இல்லத்துக்கு ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது டியூஷனுக்கு, புதுச் செருப்புக்குக் காசு புரட்ட வேண்டியிருக்கும். இரவு ஆயாவின் சம்பளம், படுக்கையோடு கிடக்கும் பெரியவர்களுக்கு டயப்பர், வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நாப்கின், மின்கட்டணம் - இவற்றுக்கு ரிப்பன் கட்டிக் கொடுக்க யாரும் வருவதில்லை. மேடையில் வைத்துக் கொடுக்க முடியாத பொருள்தான் பெரும்பாலும் தேவைப்படும் பொருள்.

சில பள்ளிகள் இல்லத்துக்குப் பதிலாகப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிக்குப் போய் நோட்டுப் புத்தகம் கொடுக்கின்றன. பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசே தருகிற மாநிலம் இது. அரசுப் பள்ளி மாணவர் என்றாலே இல்லாதவர் என்று முடிவுகட்டிக்கொண்டு கிளம்பினால், ஏற்கெனவே இருப்பதைத்தான் இன்னொரு தடவை கொடுத்துவிட்டு வர முடியும்.

ஆகவே பண்டிகைக் கொடையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஊரே புதுத்துணி உடுத்தும் நாளில் பழையதை உடுத்துவது வேறு நாளில் உடுத்துவது போன்றதன்று. இல்லாமை பண்டிகை நாளில்தான் அதிகம் உறுத்தும். இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஏற்பாடுகள் நம்மிடம் உண்டு. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த இலவச வேட்டி சேலைத் திட்டமும், பிற்பாடு ரேஷன் கடை வழியாக வந்த பொங்கல் தொகுப்பும் இந்தப் புரிதலில் பிறந்தவை. முஸ்லிம்களின் ஃபித்ரா இன்னும் நுட்பமானது. வீட்டில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அப்போதுதான் அவரும் மற்றவர்களைப் போல அந்த நாளைக் கொண்டாட முடியும். வடலூர் தருமசாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு பண்டிகை பார்த்து எரிவதில்லை. பசித்து வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். 1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022 செப்டம்பர் 15 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்த பள்ளி உணவும் அதே வழிதான். தட்டேந்தி நிற்கும் பிள்ளை யாருக்கும் நன்றிப் பாட்டுப் பாட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடுகள் எதிலும் வாங்குகிறவர் கொடுக்கிறவர் முன்னால் நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அட்டையோ கடமையோ பசியோ போதும். பள்ளிகளின் பண்டிகைச் சேவை வேறுபடுவது இங்கேதான்.

பாட்டு

வருகை பத்தரை மணிக்கு என்றால் இல்லத்தில் நாள் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். எல்லோருக்கும் தலைக்குக் குளியல், எண்ணெய் தடவி வாரிய தலை, இருப்பதில் நல்ல உடை, முகத்தில் பவுடர். கூடத்தைக் கழுவி ஜமுக்காளம் விரிப்பார்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால் உட்கார வேண்டும். பஸ் பதினொன்றேகாலுக்கு வரும். வந்ததும் வரவேற்புப் பாட்டு. அதற்கு ஒரு வாரப் பயிற்சி நடந்திருக்கும். அதே வாரத்தில் வந்த இன்னொரு குழுவுக்கும் அதே பாட்டுத்தான். பிறகு ஒரு நடனம். வந்த மாணவர்களும் ஒரு பாட்டுப் பாடுவார்கள். அதன்பின் வரிசை. ஒரு சீருடைப் பிள்ளை பொட்டலத்தை நீட்ட, இல்லத்துப் பிள்ளை வாங்க, படம் எடுப்பவர் "அப்படியே இருங்க" என்பார். நான்கு கைகள் ஒரு பொட்டலத்தைப் பிடித்தபடி சில நொடி நிற்கும். அந்த நொடியில் பொருள் இருவருக்குமே சொந்தமில்லை. கடைசியில் இல்லப் பொறுப்பாளர் நன்றியுரை சொல்வார். பன்னிரண்டரைக்கு பஸ் கிளம்பிவிடும்.

இப்போது கேட்போம்: அன்று உழைத்தது யார்? குளித்து, காத்திருந்து, பாடி, ஆடி, வரிசையில் நின்று, நன்றி சொன்னவர்கள் இல்லத்துக் குழந்தைகள். உட்கார்ந்து பார்த்தவர்கள் விருந்தினர்கள். சேவை செய்ய வந்தவர்களுக்குச் சேவை நடந்திருக்கிறது. வருகையின் கால அட்டவணையை எழுதிப் பார்த்தால் இதை மறுக்க முடியாது.

இந்தச் சடங்கை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம், நேரில் பழகினால்தான் வேறுபாடு கரையும் என்பது. வாதம் சரிதான், ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளிவந்த முன்முடிவின் இயல்பு பற்றிய தம் நூலில், இரு குழுவினர் சந்தித்துக்கொண்டால் போதாது, சந்திப்பு எப்படிப்பட்டது என்பதே முக்கியம் என்று காட்டினார். சந்திப்பில் இருவருக்கும் சமநிலை வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். அதற்காக ஒன்றுகூடி வேலை செய்ய வேண்டும். மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். நம் கூடத்துக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்குவதால் சமநிலை இல்லை. பொது இலக்கு இல்லை. கூட்டு வேலை இல்லை. தலைமையாசிரியரின் ஆதரவு மட்டும் தாராளமாக இருக்கிறது. நான்கில் மூன்று இல்லாத சந்திப்பு வேறுபாட்டைக் கரைப்பதைவிட அதை உறுதிப்படுத்தவே வாய்ப்பு அதிகம்.

குழந்தைகள் இல்லத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. காரணம், வயது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடமிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாங்குகிறது. பெரியவர் கையால் வாங்கும்போது வயதின் மரியாதை கொஞ்சம் மறைப்பாவது தரும். சமவயதுக் கையிலிருந்து வாங்கும்போது எதிரில் நிற்கும் பிள்ளைக்கும் தனக்கும் இடையில் இருப்பது பிறப்பின் வேறுபாடு ஒன்றுதான் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பழைய துணி விஷயத்தில் அது எல்லை மீறும். போன வருடத்துச் சட்டையைக் கொடுத்த பிள்ளையும் அதை அணியப்போகும் பிள்ளையும் ஒரே உயரம்.

படத்தைப் பற்றிச் சட்டமே பேசுகிறது. குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைகள் நலக் குழுவின் விசாரணை வழியாக அங்கே வந்திருக்க வேண்டும். அத்தகைய நடைமுறை குறித்த செய்திகளில் குழந்தையை அடையாளம் காட்டும் விவரத்தையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்ட நுணுக்கம் இருக்கட்டும், தங்கள் பள்ளி மாணவரின் படத்தை வெளியிடப் பெற்றோரிடம் ஒப்புதல் படிவம் வாங்கும் பள்ளிகள் பொட்டலம் வாங்கிய பிள்ளைக்கு அந்தப் படிவத்தை நீட்டுவதில்லை.

இன்னொரு கேள்வியைப் பள்ளிகள் கேட்பதே இல்லை: இந்தக் குழந்தைகள் ஏன் இங்கே இருக்கிறார்கள்? 'அநாதை' என்ற எண்ணத்தோடுதான் பஸ் கிளம்புகிறது. உலக அளவில் இத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக 'சேவ் தி சில்ட்ரன்' 2009இல் மதிப்பிட்டது. வறுமை, பெற்றோரின் பிரிவு, வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் வாழ்க்கை, பக்கத்தில் பள்ளி இல்லாமை ஆகியவை சேர்ந்தே பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தீர்ப்பளித்து, எல்லா இல்லங்களையும் பதிவு செய்யச் சொல்ல வேண்டி வந்தது. இல்லங்களைத் தேடி வரும் தன்னார்வச் சுற்றுலா குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கைப் பற்றி ஐ.நா. பொதுச்சபை 2019இல் தன் குழந்தை உரிமைத் தீர்மானத்தில் எச்சரித்தது. இந்தப் பின்னணியில், போகும் இல்லம் பதிவு பெற்றதா என்றுகூடக் கேட்காமல் நாற்பது மாணவர்களோடு போய் இறங்குவது கவலைக்குரியது. பார்வையாளர் வருகையால் பணம் வருகிறதென்றால், பார்ப்பதற்குக் குழந்தைகள் இருக்க வேண்டும் என்ற அவசியமும் கூடவே வந்துவிடுகிறது.

ஏன் என்று கேட்டதால் நடந்ததற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். 1930இல் அவ்வை இல்லம் அப்படித்தான் தோன்றியது. சோறும் படுக்கையும் தந்ததோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளை அந்த நிலைக்குத் தள்ளிய வழக்கத்துக்கு எதிராகச் சட்டத்துக்குப் போராடினார். 1947இல் அது சென்னை மாகாணச் சட்டமானது. அடைக்கலமும் காரணத்தைத் தேடுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

பாடம்

மாணவர் எதைக் கற்கிறார் என்பதற்கு, மறுநாள் வகுப்பில் எழுதச் சொல்லும் கட்டுரையே சாட்சி. "எனக்குக் கிடைத்த பெற்றோருக்கும் வசதிக்கும் நான் நன்றியோடு இருக்க வேண்டும் என்று உணர்ந்தேன்" என்ற வாக்கியம் சின்னச் சின்ன மாற்றத்தோடு பெரும்பாலான தாள்களில் இருக்கும். நன்றியுணர்வு கெட்டதல்ல. ஆனால் அந்த வாக்கியத்தில் இல்லத்துப் பிள்ளையின் வேலை என்ன என்று பாருங்கள். எழுதுகிறவர் தன் அதிர்ஷ்டத்தை அளந்துகொள்ள உதவியதோடு அது முடிகிறது. பெயர், ஊர், பிடித்த விளையாட்டு எதுவும் தாளில் வராது.

ஜோயல் வெஸ்ட்ஹைமர், ஜோசப் கானே என்ற இருவர் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பள்ளிகள் உருவாக்க நினைக்கும் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்தது. பசித்தவர்களுக்கு உணவு திரட்டும்போது தன் பங்கைக் கொடுப்பவர் முதல் வகை. திரட்டும் வேலையை முன்னின்று நடத்துபவர் இரண்டாம் வகை. மக்கள் ஏன் பசித்திருக்கிறார்கள் என்று கேட்டு, கண்டறிந்ததை வைத்துச் செயல்படுபவர் மூன்றாம் வகை. நம் பண்டிகைச் சேவை முதல் வகையைத்தான் உருவாக்குகிறது. மாணவர் தலைவர்களாக இருக்கும் நான்கைந்து பேருக்கு இரண்டாம் வகை வாய்க்கும். மூன்றாவதை நெருங்கினாலே 'அரசியல்' என்று பள்ளி பின்வாங்கிவிடும்.

மாற்று வடிவம் தெரியாததால் இப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது. காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் கேட்கிறது. ஒரு ஊரைத் தத்தெடுத்துத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறது. ஐ.பி. எனும் பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளிகளில் படைப்பு, செயல்பாடு, சேவை என்ற பகுதி 18 மாதம் தொடர வேண்டும். சி.பி.எஸ்.இ. 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கான உடற்கல்வியில் 'சேவா' என்ற பகுதியைச் சேர்த்தது. காகிதத்தில் இந்த மூன்றுமே நீண்ட காலத்தையும் சிந்தித்து எழுதுவதையும் வலியுறுத்துகின்றன. நடைமுறையில் மாதக்கணக்கு ஒரு மதியமாகச் சுருங்குகிறது. பண்டிகை அந்த மதியத்துக்கு வசதியான தேதியைத் தருகிறது. ஒரே நாளில் படம், சான்றிதழ், பதிவேட்டுக் குறிப்பு எல்லாம் முடிந்துவிடுகின்றன.

இதைக் கண்டு அலுத்து, மொத்தமாகவே நிறுத்திவிடுங்கள் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முன்னோடி இவான் இல்லிச். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாக்காவில், கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்தே, உங்கள் நல்லெண்ணம் இங்கே தீங்குதான் செய்கிறது, பார்த்துப் பழகிக் கற்றுக்கொள்ள வாருங்கள், உதவ வராதீர்கள் என்ற பொருளில் பேசினார். அவர் எதிரில் இருந்தவர்களுக்கு அந்த ஊர் மொழி சரியாகத் தெரியாது. கோடை முடிந்ததும் ஊர் திரும்பிவிடக் கூடியவர்கள். நம் மாணவர்கள் பேசுவது அதே தமிழ்; இல்லம் இருப்பது நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி. நினைத்தால் அடுத்த சனிக்கிழமையும் போகலாம். அதனால் இல்லிச்சின் முடிவை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆனால் அவர் வைத்த அளவுகோல் நம்மை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது: தூரம் காரணமாகத் திரும்பப் போகாதவரை மன்னிக்கலாம், நான்கு நிறுத்தம் தள்ளி இருந்தும் போகாதவருக்கு என்ன சாக்கு?

மிச்சமிருப்பது ஒரு வாதம்: "அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகள் வேறெங்கே ஏழ்மையைப் பார்ப்பார்கள்? இது முதல் படியாக இருக்கட்டுமே." முதல் படி என்பதை மனமார ஏற்கிறேன். ஒரே ஒரு வருகை ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியிருக்கலாம். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஓர் இல்லம், நான்காம் வகுப்பில் வேறோர் இல்லம் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை முதல் படியிலேயே ஏறி ஏறி இறங்கினால் அதைப் படி என்று சொல்ல முடியாது. ஏழ்மையைப் பார்க்க வெளியே போக வேண்டும் என்பதும் சரியில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பள்ளி வளாகத்திலேயே கழிப்பறை கழுவும் அக்கா, பஸ் கிளீனர் அண்ணன், இரவுக் காவலர் தாத்தா இருக்கிறார்கள். வகுப்புத் தோழன் ஏன் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொண்டுவருவதில்லை, ஏன் சுற்றுலாவுக்கு வருவதில்லை என்று யோசிக்கப் பழகிய பிள்ளைக்குப் பஸ் ஏறிப் போய்க் கற்க வேண்டியது குறைவு. அதிலும் அங்கே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பரீட்சை எழுதுகிறார்கள். ஆல்போர்ட் சொன்ன சமநிலையும் பொது இலக்கும் அங்கே தாமாகவே அமைந்திருக்கின்றன. அந்த 25 சதவீதத்தைச் சுமையாக நினைத்துவிட்டு அக்டோபரில் சேவைக்குக் கிளம்பும் பள்ளியிடம் மாணவர்கள் கற்கும் பாடம் இதுதான்: ஏழையைத் தேடிப் போய்ப் பார்க்கலாம், பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம்.

தீர்ப்பு

எல்லா இடத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது. போகும் இடத்தைப் பொறுத்து நியாயம் மாறுகிறது.

குழந்தைகள் இல்லத்துக்குப் பண்டிகைக் குழு வருகையை நிறுத்திவிடலாம். மேலே சொன்ன குறைகள் எல்லாம் அங்கேதான் ஒன்றுசேர்கின்றன: சமவயது, பாட்டு, படம், வந்துபோகும் அந்நியர்கள். கொடையை நிறுத்த வேண்டியதில்லை. இல்லத்தைக் கேட்டு, பதிவைச் சரிபார்த்து, அவர்கள் சொன்ன பொருளை அவர்கள் சொன்ன மாதத்தில் ஒரு ஆசிரியர் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரலாம். தீபாவளிக்குப் புதுத்துணி என்றால், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைக் கடையில் தாங்களே எடுக்கட்டும்; பணம் இல்லத்தின் வழியாகப் போகட்டும். யார் கொடுத்தார் என்று பிள்ளைக்குத் தெரியத் தேவையில்லை.

முதியோர் இல்லத்துக்குப் போவதை வைத்துக்கொள்ளலாம். அங்கே பெரும்பாலும் பற்றாக்குறை பொருளில் இல்லை, ஆளில். பேச ஒருவர் வருவதே அங்கே கொடை. ஸ்வீட் பெட்டி அதற்குத் துணைக்கு வருவது. வயது வித்தியாசம் இங்கே நல்லதே செய்கிறது. பாட்டியிடம் சொல்லக் கதை இருக்கிறது, கற்றுத்தரக் கைவேலை இருக்கிறது, ஆசீர்வதிக்க உரிமை இருக்கிறது, அவரும் கொடுப்பவர்தான். ஆனால் நிபந்தனை கடுமையாக இருக்க வேண்டும்: நாற்பது பேர் வேண்டாம், ஐந்தாறு பேர் போதும், அதே மாணவர் அதே பெரியவரிடம் மாதம் ஒருமுறையாவது போக வேண்டும், பண்டிகை அந்த வரிசையில் ஒரு நாளாக வரட்டும். அடுத்த மாதம் வர முடியாது என்றால் முதல் மாதமும் வேண்டாம். "மறுபடி எப்போ வருவே கண்ணு?" என்ற கேள்விக்குப் பொய் சொல்லப் பழக்குவது கல்வியாகாது.

சிறப்புப் பள்ளிக்குப் போவதானால் சேர்ந்து செய்ய ஏதாவது இருக்க வேண்டும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் உருளும் மணிகள் சத்தமிடும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆட்டம். கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்கும் நம் மாணவர்கள் முதல் ஓவரிலேயே தடுமாறுவார்கள், எதிரணிதான் ஆடக் கற்றுத்தரும். பொங்கல் அன்று பொட்டலம் கொடுப்பதைவிட அந்த ஒரு ஆட்டத்தில் கற்பது அதிகம். பிறகு வேலை தானாகத் தெரியவரும்: கல்லூரித் தேர்வு எழுதும் பார்வையற்றவர்களுக்கு அவர்கள் சொல்வதை எழுத ஸ்கிரைப் தேவை, பாடங்களை ஒலிப்பதிவு செய்ய குரல் தேவை. மேல்நிலை மாணவர்கள் செய்யக்கூடிய வேலை, அவர்கள் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை.

மொத்தத்தில், இன்று நடக்கும் வடிவில் பண்டிகைச் சேவை கொடையாகச் சுமாரானது, சேவையாகப் பொய்யானது, பாடமாகத் தவறானது. பண்டிகையை ஒட்டிக் கொடுக்கலாம். ஆனால் கேட்டுக் கொடுக்க வேண்டும், காட்சி வைக்காமல் கொடுக்க வேண்டும். மாணவரை அனுப்புவதென்றால் சாதாரண நாட்களிலும் திரும்பப் போகும் உறவுக்காக அனுப்ப வேண்டும். இரண்டும் முடியாத பள்ளி, தன் வளாகத்துக்குள்ளேயே தொடங்கலாம். அங்கே வேலை நிறைய இருக்கிறது.

இப்படிச் செய்தால் போகும் மாணவர்களின் எண்ணிக்கை குறையும், நேரம் கூடும், ஆசிரியருக்குச் சனிக்கிழமைகள் போகும், காட்டுவதற்குப் படம் இருக்காது. ஆண்டு மலரில் இரண்டு வண்ணப் பக்கம் காலியாகும். அந்த நஷ்டத்தைப் பள்ளி தாங்கிக்கொள்ளலாம்.